மணி அடித்த பிறகு வந்த மாணவன்

கோவை நகரில் ஒரு கல்லூரி. காலை நேரம்.

மாணவர்கள் வாசலில் கூட்டமாக நின்று பேசிக்கொண்டு இருக்கிறார்கள். சிலர் ஓடி விளையாடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு பையன் தனியாக உட்கார்ந்து இருக்கிறான். கையில் புத்தகம். கண் புத்தகத்தில். காது மட்டும் கல்லூரி மணியில்.

மணி அடிக்கிறது. எல்லோரும் உள்ளே போகிறார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பையன் எழுந்து வகுப்புக்குப் போகிறான்.

மாலையில் இதற்கு நேர் மாறு. வகுப்பு முடிந்ததும் வெளியே வந்துவிடுவான். விறுவிறு என்று நடந்து வீடு போய்ச் சேருவான். யாராவது பின்னால் வந்துவிட்டால்? எந்தத் தெருவில் அவன் வீடு என்று பார்த்துவிட்டால்? அதுதான் அவன் பயம்.

அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. படிப்பிலும் மட்டம் இல்லை. பிறகு ஏன் இந்த ஒளிவு?

அந்தப் பையன்தான் பிற்காலத்தில் "திவான் பகதூர்" பட்டம் பெற்ற இரட்டைமலை சீனிவாசன். லண்டன் வட்ட மேஜை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கார் பக்கத்தில் உட்கார்ந்தவர்.

பிறந்த ஊர்

இரட்டைமலை என்பது அவருடைய தகப்பனார் பெயர். ஏதோ ஒரு மலையின் பெயர் என்று பலர் எண்ணிக்கொண்டு இருக்கிறார்கள்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கம் கோழியாளம் என்று ஒரு கிராமம். அங்கே ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பிறந்த நாள் ஜூலை 7. ஆண்டு 1859 என்றும், 1860 என்றும் இரண்டு விதமாக எழுதப்பட்டு இருக்கிறது.

செங்கற்பட்டு மாவட்டம் இரண்டு முகம் கொண்டது. கிழக்கே கடல். கேளம்பாக்கம், கோவளம், மாமல்லபுரம் என்று உப்பளமும், கழிமுகமும், மீனவர் குப்பமுமாக நீளும். மேற்கே, தெற்கே போனால் ஏரியும் நெல் வயலும். அந்த வயல்களில் சேற்றில் இறங்கிப் பாடுபட்டவர்களில் பெரும் பகுதியினர் பறையர் சமூகத்தார். உழைப்பு அவர்களுடையது. நிலம் வேறு ஒருவருடையது. குடியிருந்த சேரி மனைகூட அவர்களுக்குச் சொந்தம் இல்லை.

இது யாரோ பொழுது போக்குக்குச் சொன்ன கதை அல்ல. 1891-ம் ஆண்டில் செங்கற்பட்டு கலெக்டராக இருந்த திரெமென்கீர் என்ற வெள்ளைக்காரர், இந்த மக்கள் படும் பாட்டை விவரமாக எழுதி சர்க்காருக்கு அனுப்பினார். நிலமும் மனையும் இல்லாததுதான் அவர்களுடைய கஷ்டங்களுக்கு வேர் என்று சொன்னார். அதன் பயனாக 1892-ல் உத்தரவு பிறந்தது. அப்படி ஒதுக்கப்பட்ட நிலம்தான் "பஞ்சமி நிலம்" என்று பெயர் பெற்றது.

இந்த மண்ணில், இந்தச் சமூகத்தில் பிறந்தவர் சீனிவாசன். பிழைப்புக்காக அவர் குடும்பம் முதலில் தஞ்சாவூர் போனது. பிறகு கோவைக்குப் போனது.

400 பேர் நடுவில்

கோவைக் கல்லூரியில் அப்போது சுமார் 400 மாணவர்கள். அவர்களில் ஏறக்குறைய 10 பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். சாதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம்.

சீனிவாசன் இன்ன சாதி, இன்ன குடும்பம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும்? ஏளனம் வரும். ஒதுக்கி வைப்பார்கள். படிப்பும் போகலாம்.

ஆகவே அந்தப் பையன் ஒரு வழி கண்டுபிடித்தான். யாரிடமும் பழகக் கூடாது. பழகினால் பேச்சு வரும். பேச்சு வந்தால் ஊர் எது, தெரு எது என்று கேள்வி வரும். எனவே மணி அடிக்கும் வரை வெளியே இருப்பது, மணி அடித்ததும் வீட்டுக்கு நடையைக் கட்டுவது.

விளையாட அவனுக்கும் ஆசைதான். எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது? மற்றப் பிள்ளைகளுடன் சேர்ந்து விளையாட முடியவில்லையே என்று மனம் நொந்ததைப் பிற்காலத்தில் அவரே எழுதி இருக்கிறார். இந்த இழிவை எப்படித் தாண்டுவது என்று அந்த வயதிலேயே ஓயாமல் யோசித்ததையும் எழுதி இருக்கிறார்.

கூடவே வரும் பழக்கம்

பெற்றோர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு ஆபத்து வருகிறது. தப்பிக்க ஒரு வழியைப் பழகிக் கொள்கிறது. அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பார் என்றால், காலடிச் சத்தம் கேட்டதும் மூலையில் பதுங்கப் பழகுகிறது. வாத்தியார் கேலி செய்வார் என்றால், தெரிந்த விடையைக்கூடச் சொல்லாமல் இருக்கப் பழகுகிறது. அந்த வயதில் அது புத்திசாலித்தனம். அதுதான் பிள்ளையைக் காப்பாற்றுகிறது.

பிள்ளை வளர்ந்து ஆளாகிறது. அடித்த அப்பா இல்லை. கேலி செய்த வாத்தியாரும் இல்லை. ஆனால் பழக்கம் மட்டும் போகாமல் கூடவே வருகிறது. கதவு தட்டும் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது. நாலு பேர் கூடிச் சிரித்தால், நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று தோன்றுகிறது. தூக்கம் கெடுகிறது. காரணம் தெரியாத கோபம் வருகிறது. வெளியே ஒரு மனிதர். உள்ளே பயந்த பிள்ளை. இரண்டு பேருக்கும் ஓயாத இழுபறி. இதை மன அழுத்தம் என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள்.

சாதியை மறைத்து வாழ்ந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இரண்டு மடங்கு. ஏனென்றால் அவர்கள் பயந்த ஆபத்து வளர்ந்த பிறகும் போகவில்லை. கதவுக்கு வெளியே அப்படியேதான் நின்றது.

அம்பேத்காரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவனாகப் பள்ளிக்கூடத்தில் கோணிப்பை மீது தனியாக உட்கார வைக்கப்பட்டவர் அவர். பிறகு அமெரிக்காவில் படித்தார். லண்டனில் படித்தார். 1917-ல் பரோடா சமஸ்தானத்துக்கு உத்தியோகம் பார்க்கப் போனார். தங்க இடம் இல்லை. பார்சிக்காரர் ஒருவரின் விடுதியில் பார்சிப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு தங்கினார். பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் தடிகளுடன் ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொன்னது. அத்தனை பெரிய படிப்பும் ஓர் அறையை வாங்கிக் கொடுக்கவில்லை.

கணக்கர் வேலை

படிப்பு முடிந்ததும் சீனிவாசன் நீலகிரிக்குப் போனார். வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கர் வேலை. சுமார் பத்து ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். 1887-ல் ரங்கநாயகி அம்மாளை மணந்தார்.

மாதச் சம்பளம். மலைக் காற்று. குடும்பம். இதோடு ஒருவர் நின்றுவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். படித்து முன்னுக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் அப்படித்தான் ஒதுங்கிக் கொண்டார்கள். பெயரை மாற்றி, ஊரை மாற்றி, உறவினரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கொண்டு வாழ்ந்தார்கள். அவர்களைத் திட்டுவதில் நியாயம் இல்லை. கோவையில் சீனிவாசன் செய்ததும் அதுதானே?

ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. 1890-ல் வேலையை விட்டுச் சென்னைக்கு வந்தார்.

வந்ததும் மேடை ஏறவில்லை. சுமார் மூன்று ஆண்டுகள் படித்தார், விசாரித்தார். தன் சமூகம் எங்கிருந்து வந்தது, எப்படித் தாழ்ந்தது என்று தேடினார். பழைய நூல்களைப் பார்த்தார். ஊர் ஊராகப் பேசினார். "பறையர் மகாஜன சபை" என்ற சங்கத்தை அமைத்தார்.

பத்திரிகைக்குப் பெயர்

1893-ம் ஆண்டு அக்டோபர் மாதம். சென்னையில் ஒரு புதிய பத்திரிகை வெளிவந்தது. நாலு பக்கம். விலை இரண்டு அணா. ஆசிரியர் சீனிவாசன்.

பத்திரிகையின் பெயரைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். "பறையன்" என்று கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டு இருந்தது!

எந்தச் சொல் மற்றவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்று மணி அடிக்கும் வரை ஒளிந்து இருந்தாரோ, அந்தச் சொல்லையே எடுத்துத் தலையில் சூட்டிக்கொண்டார்.

வீம்புக்காக அவர் இப்படிச் செய்யவில்லை. அவர் கணக்கு இதுதான்: ஒருவன் தன்னை இன்னான் என்று சொல்லிக் கொண்டு முன்னே வராத வரை, உரிமை கேட்க முடியாது. மறைந்து நிற்கிறவன் எதைக் கேட்பான்? கேட்டால் யார் என்று தெரிந்துவிடுமே! எனவே பயந்து பயந்து ஏழையாகவே இருந்து சாக வேண்டியதுதான். அந்தக் கட்டை முதலில் உடைக்க வேண்டும் என்று அவர் எண்ணினார்.

முதல் இதழ் சென்னையில் இரண்டே நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றது. மூன்று மாதத்தில் மாதப் பத்திரிகை வாரப் பத்திரிகை ஆயிற்று. பிறகு சொந்த அச்சுக்கூடமும் வந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது அந்தக் காலத்து வழக்கம். ஆகவே ஒரு பிரதி என்பது ஒரு வாசகர் மட்டும் அல்ல.

மைத்துனர் சொன்ன வழி

இந்தப் பெயரை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. எதிர்த்தவர்களில் முக்கியமானவர் அவருடைய சொந்தக்காரர்!

பண்டிதர் அயோத்திதாசர் பெரிய தமிழறிஞர். சித்த வைத்தியர். சீனிவாசனின் சகோதரியை மணந்தவர். அவரும் நீலகிரியில் வாழ்ந்தவர்தான். அந்தப் பெயர் பகைவர்கள் இட்ட இழிபெயர், அதை நாமே ஏன் சுமக்க வேண்டும் என்பது அயோத்திதாசர் கட்சி. இவர்கள் பூர்வ காலத்தில் பௌத்தர்கள் என்று அவர் வாதாடினார். 1907-ல் "ஒரு பைசாத் தமிழன்" என்ற பத்திரிகையைத் தொடங்கி அதையே எழுதி வந்தார்.

ஒரே காயம். இரண்டு மருந்து. ஒருவர் பெயரைக் கழற்றி எறியச் சொன்னார். ஒருவர் பெயரை நிமிர்ந்து நின்று சொல்லச் சொன்னார். 1922-ல் சென்னை சட்டசபை "ஆதி திராவிடர்" என்ற பெயரை ஏற்றது. அந்த வகையில் பார்த்தால் அயோத்திதாசர் பக்கம் ஜெயம். ஆனால் பயத்தை வெளிச்சத்துக்கு இழுத்து வந்த காரியத்தில் சீனிவாசன் செய்த வேலைக்கு ஈடு சொல்வது கஷ்டம்.

112 அடி மனு

அதே 1893 டிசம்பரில் இன்னொரு காரியம் நடந்தது.

ஐ.சி.எஸ். பரீட்சையை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கேட்பதற்கு நல்ல கோரிக்கைதான். ஆனால் சீனிவாசன் அதை எதிர்த்தார். இங்கே பரீட்சை வைத்தால் யார் கலெக்டர் ஆவார்கள்? ஏற்கனவே படித்து மேலே இருக்கிற சாதியார்தான். பிறகு எங்கள் மனுவை எவரிடம் கொடுப்பது என்பது அவர் கேள்வி. இதில் அவரோடு உடன்படாதவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் கோவைக் கல்லூரியில் 400 பேர் நடுவில் உட்கார்ந்து படித்தவருக்கு அந்தச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

எதிர்ப்பு மனு தயார் ஆயிற்று. அதன் நீளம் 112 அடி. கையெழுத்துப் போட்டவர்கள் 3,412 பேர். அது லண்டன் பார்லிமெண்டுக்குப் போயிற்று. பெயரைச் சொல்லப் பயந்த மக்கள் 3,412 பேர் காகிதத்தில் பெயர் எழுதிக் கொடுத்ததுதான் இதில் பெரிய விஷயம்.

1896-ல் பத்திரிகையில் வந்த ஒரு கடிதத்துக்காக அவர் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டார். நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பத்திரிகை நிற்கவில்லை. 1900 வரை நடந்தது.

பிறகு அவர் கப்பல் ஏறினார். சுமார் இருபது ஆண்டுகள் வெளிநாட்டு வாசம். தென் ஆப்பிரிக்காவில் நேட்டால் பகுதியில் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அங்கே காந்திஜியின் பழக்கம் ஏற்பட்டது. தமிழில் கையெழுத்துப் போடக் காந்திஜிக்குக் கற்றுக் கொடுத்தவர் இவர் என்பார்கள்.

சாலையும் கிணறும்

நாடு திரும்பியவரை 1923-ல் சென்னை சட்டசபைக்கு நியமித்தார்கள். அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது.

1924-ல் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். எந்தச் சாதியாராக இருந்தாலும் சரி, எந்த ஊரிலும், எந்தப் பொதுச் சாலையிலும், தெருவிலும், பாதையிலும் நடந்து போக ஆட்சேபணை கூடாது. பொதுக் கிணறு, குளம், சர்க்கார் அலுவலகம், பொது மக்கள் கூடும் இடம் ஆகியவை எல்லோருக்கும் பொது. இதுதான் தீர்மானத்தின் சாரம்.

சட்டசபை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டே சர்க்கார் உத்தரவாக வெளிவந்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு இது விநோதமாகத் தோன்றும். சாலையில் நடக்க ஒரு சட்டமா? கேளம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கோவளம் பக்கம் ஒருவர் நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீண்டப்படாதவன் என்று சொல்லி அவரை வழியில் தடுத்தால், இன்று அது குற்றம். ஆனால் அந்தக் காலத்தில், இந்தத் தெரு உனக்கு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப ஊருக்கு ஊர் ஆள் இருந்தார்கள். பொதுக் கிணற்றில் வாளியை இறக்கினால் அடி விழும். தாகத்தோடு காத்து நின்று, யாராவது ஊற்றினால் குடிக்க வேண்டும்.

காகிதத்தில் வந்த உத்தரவு கிராமத்துக்கு வந்து சேர வெகு காலம் பிடித்தது. 1950-ல் அரசியல் சட்டம் 17-வது விதியில் தீண்டாமையை ஒழித்தது. அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. ஆனாலும் கேட்பதற்கு ஒரு காகிதம் 1924-லேயே கையில் கிடைத்துவிட்டது. அதைக் காட்டி, இது என் வழி என்று ஒருவர் சொல்ல முடிந்தது.

அரசர் கேட்ட கேள்வி

1930-ல் லண்டனில் வட்ட மேஜை மாநாடு கூடியது. தாழ்த்தப்பட்ட மக்கள் சார்பில் இரண்டு பேர் போனார்கள். அம்பேத்காருக்கு வயது 39. சீனிவாசனுக்கு சுமார் 70. அடுத்த ஆண்டு மாநாட்டுக்கும் இருவரும் சேர்ந்தே போனார்கள்.

அங்கே அரசர் ஐந்தாம் ஜார்ஜை அவர் சந்தித்தார். தீண்டாமை என்றால் என்ன என்று அரசர் விசாரித்தார். தெருவில் ஒருவன் விழுந்து கிடந்தாலும், தீண்டப்படாதவன் என்றால் மேல் சாதிக்காரன் தொட்டுத் தூக்க மாட்டான் என்று சீனிவாசன் விளக்கினார். அரசர் திடுக்கிட்டார்.

கூட்டாளிகளிடம்கூடச் சொல்லப் பயந்ததை, இப்போது ஒரு சாம்ராஜ்யத்தின் தலைவரிடம் நின்று சொன்னார். இடையில் ஓடியது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல்.

1932-ல் பூனா ஒப்பந்தத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார். "ராவ் சாகிப்", "ராவ் பகதூர்", கடைசியில் 1936-ல் "திவான் பகதூர்" என்று பட்டங்கள் வரிசையாக வந்தன.

1935-ல் இந்து மதத்தை விட்டு விலகப் போவதாக அம்பேத்கார் அறிவித்தார். அருமை நண்பர். ஆனாலும் சீனிவாசன் இதற்கு ஒப்பவில்லை. நாம் வருணங்களுக்கு வெளியே இருப்பவர்கள், உள்ளேயே இல்லாதவர்கள் எங்கிருந்து விலகுவது என்று அவர் வாதம் செய்தார். ஒரு பெயரை விட்டு இன்னொரு பெயருக்குள் போவது என்றாலே அவருக்கு ஒப்பாது. கோவையில் பட்டது அத்தனை ஆழமாக இறங்கி இருந்தது போலும். அம்பேத்கார் 1956-ல் நாகபுரியில் பௌத்தம் தழுவியபோது சீனிவாசன் உயிரோடு இல்லை.

சின்னப் புத்தகம்

1939-ல், எண்பது வயதை நெருங்கிய காலத்தில், தன் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதினார். "ஜீவிய சரித்திர சுருக்கம்" என்று பெயர். சின்னப் புத்தகம்தான். சட்டசபை, லண்டன், அரசர், பட்டங்கள் என்று எழுத எத்தனையோ இருந்தது. இருந்தும் விளையாட முடியாமல் போன பையனுக்கு அதில் இடம் கொடுத்தார். அறுபது ஆண்டு கழித்தும் அந்த வருத்தம் அவருக்கு மறக்கவில்லை.

1945 செப்டம்பர் 18-ந் தேதி சென்னை பெரியமேட்டில் காலமானார். ஓட்டேரியில் அடக்கம் செய்தார்கள். 2000-ம் ஆண்டில் அவர் படம் போட்ட தபால் தலையை இந்திய சர்க்கார் வெளியிட்டது.